பால் பெருகும் நாட்டில் பால் செரியாத வயிறுகள்

புதுதில்லி: கடந்த 2022ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. பொட்டலமிட்டு விவரச்சீட்டு ஒட்டிய தயிர், மோர், லஸ்ஸி ஆகியவற்றின் மீது 5 சதவீத சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். சண்டிகரில் ஜூன் மாத இறுதியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் முடிவு அது. பாலுக்கு வரி இல்லை. அதே பாலை உறையூற்றிப் பொட்டலத்தில் அடைத்தால் வரி உண்டு. விலைவாசி குறித்து விவாதம் கோரிய எதிர்க்கட்சியினர் அவையை முடக்கினர். பலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். காந்தி சிலை அருகே அவர்கள் நடத்திய 50 மணி நேரத் தர்ணாவில் தயிர்சாதமும் பரிமாறப்பட்டது.

தயிர் மீண்டும் அரசியல் ஆனது 2023 மார்ச் மாதத்தில். தயிர் பாக்கெட்டில் "தஹி" என்று அச்சிட வேண்டும் என உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட, தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் கடும் கண்டனம் தெரிவித்தார். கர்நாடகத்திலும் எதிர்ப்பு எழுந்தது. ஓரிரு நாட்களில் ஆணையம் இறங்கிவந்து, மாநில மொழிப் பெயர்களையும் அச்சிடலாம் என்று திருத்தம் வெளியிட்டது.

வரியும் மொழியும் பேசப்பட்ட அளவுக்கு, தயிருக்கும் பாலுக்கும் உள்ள மற்றொரு வேறுபாடு தலைநகரில் பேசப்படவில்லை. பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரையான லாக்டோஸை முழுமையாகச் செரிக்கும் ஆற்றல் வளர்ந்த இந்தியரில் பெரும்பாலோருக்கு இல்லை. ஒரு பெரிய டம்ளர் பாலைக் குடித்துவிட்டு வயிற்று உப்புசத்தோடு அவதியுறும் அதே மனிதர், ஒரு கிண்ணம் தயிரை எவ்விதத் தொல்லையும் இன்றி உண்டுவிடுகிறார். நாட்டின் மிகப் பெரும்பான்மையினருக்கு ஒத்துப்போகும் வடிவத்துக்கு வரி விதித்துவிட்டு, ஒத்துப்போகாத வடிவத்துக்கு விலக்களித்த விசித்திரத்தை அன்று இரு தரப்பினருமே கவனித்ததாகத் தெரியவில்லை.

தெற்கும் வடக்கும்

உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 1950-51இல் 1 கோடியே 70 லட்சம் டன்னாக இருந்த ஆண்டு உற்பத்தி, 2023-24இல் 23 கோடியே 93 லட்சம் டன்னை எட்டியது. தலைக்கு நாளொன்றுக்கு 471 கிராம் என்பது அரசின் கணக்கு. 1970இல் தொடங்கிய "ஆபரேஷன் ஃபிளட்" என்னும் வெண்மைப் புரட்சியின் பலன் இது.

இவ்வளவு பாலையும் வாங்கிக்கொள்ளும் வயிறுகளின் நிலை என்ன? தில்லி, புதுச்சேரி, திருவனந்தபுரம் ஆகிய மூன்று ஊர்களில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1981இல் அமெரிக்கச் சத்துணவு ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. தெற்கத்திய மையங்கள் இரண்டிலும் சோதிக்கப்பட்டோரில் 66.6 சதவீதம் பேருக்கு லாக்டோஸ் செரியாமை இருந்தது, தில்லியில் 27.4 சதவீதம்தான். பின்னர் லக்னோவிலும் பெங்களூரிலும் நலமாக உள்ளவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூச்சுச் சோதனையின்படி தெற்கே 79 சதவீதம் பேருக்கும் வடக்கே 57 சதவீதம் பேருக்கும் பால் சர்க்கரை முழுமையாக உறிஞ்சப்படவில்லை. ஊருக்கு ஊர், சோதனை முறைக்கு முறை எண்கள் மாறினாலும், தெற்கில் கூடுதல், வடக்கில் குறைவு என்ற போக்கு மாறவில்லை.

காரணம் மரபணுவில் இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதிதான் லாக்டோஸை உடைத்து, குளுகோஸாகவும் காலக்டோஸாகவும் ஆக்குகிறது. பாலூட்டிகள் அனைத்திலும் குட்டிப் பருவம் கடந்ததும் இந்தச் சுரப்பு குறைந்துவிடும், மனிதனும் விலக்கல்ல. கால்நடை மேய்த்துப் பாலை நம்பி வாழ்ந்த சில இனக்குழுக்களில் மட்டும் ஒரு சிறு மரபணு மாற்றம் நிலைபெற்று, வாழ்நாள் முழுவதும் லாக்டேஸ் சுரக்கச் செய்தது. ஐரோப்பியரிடம் காணப்படும் இந்த மாற்றத்தை 2002இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்தியாவில் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மாதிரிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, அதே மாற்றம் இங்கும் இருப்பதையும், வடமேற்கிலும் கால்நடை வளர்ப்போரிடமும் அது மிகுந்திருப்பதையும் காட்டியது. கிழக்கிலும் வடகிழக்கிலும் வாழும் பழங்குடியினர் பலரிடம் அது மிக அரிது. தெற்கில் விதிவிலக்கானவர்கள் நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்கள்.

எனவே பால் செரியாமை ஒரு நோய் என்பதைவிட, மனித இனத்தின் பொது இயல்பு என்பதே பொருத்தம். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இந்நிலையில்தான் உள்ளனர். 1960களின் நடுப்பகுதி வரை மேலை மருத்துவம் இதனை அரிய குறைபாடாகக் கருதிவந்ததற்குக் காரணம், அந்த மருத்துவம் தன்னவரை மட்டுமே அளவுகோலாகக் கொண்டதுதான்.

பழி பால்காரர் மீது

செரிக்கப்படாத லாக்டோஸ் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்ய, ஹைட்ரஜன் உள்ளிட்ட வாயுக்கள் உண்டாகின்றன. குடலுக்குள் நீரும் இழுக்கப்படுகிறது. விளைவு: வயிற்று உப்புசம், இரைச்சல், பிடிப்பு, சிலருக்கு வயிற்றுப்போக்கு. பால் அருந்திய அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் இவை தோன்றும்.

தெற்கிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வருவோர் முதலில் சந்தேகிப்பது தண்ணீரை. அடுத்து பாலின் தூய்மையை. கலப்பட அச்சம் ஆதாரமற்றதும் அல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் நாடெங்கும் எடுத்த மாதிரிகளில் 68 சதவீதம் தர அளவுகளுக்கு உட்படாதவை என்று அறிவித்தபோது அது பெரும் செய்தியாயிற்று. பின்னர் 2018இல் 6,432 மாதிரிகளை ஆராய்ந்தபோது 93 சதவீதம் பாதுகாப்பானவை எனக் கண்டறியப்பட்டது. ஆனால், கலப்படமற்ற பாலும் தொல்லை தரும் என்பதை ஏற்க மனம் வருவதில்லை. பால்காரரை மாற்றுகிறார்கள், தொல்லை நீடிக்கிறது.

பால் ஒவ்வாமை வேறு, லாக்டோஸ் செரியாமை வேறு என்பதும் பலரால் அறியப்படவில்லை. முன்னது பாலின் புரதத்துக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுவது; பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் காணப்படுவது. தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் வரை செல்லக்கூடும். அவர்களுக்குத் துளிப் பாலும் ஆகாது. பின்னது சர்க்கரையைச் செரிக்க இயலாமை. இதில் ஆபத்து இல்லை, அவதி மட்டுமே. ஆபத்து இல்லாததால்தான் அளவு பார்த்து வாழ இடம் இருக்கிறது.

அளவும் வடிவமும்

அளவு என்பதே இதில் தலையாய செய்தி. செரிக்கும் ஆற்றல் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை தொல்லை இன்றியோ சிறு தொல்லையுடனோ தாங்கிக்கொள்வர் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2010இல் கூட்டிய வல்லுநர் மாநாடு முடிவு கண்டது. பசுவின் பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 4.7 கிராமும், எருமைப் பாலில் சற்றேறக்குறைய 5 கிராமும் லாக்டோஸ் உள்ளது. அதாவது 12 கிராம் என்பது 250 மில்லி பால். தேநீரில் சேரும் 50 மில்லி பாலில் இரண்டரை கிராம்கூட இராது. டம்ளர் காபியில் 100 மில்லி பால் சேர்ந்தாலும் 5 கிராம்தான். தேநீர்க் கடைகளை நம்பி இயங்கும் தலைநகர அரசியலுக்கு இதனால் பங்கம் ஏதும் இல்லை.

வெறும் வயிற்றில் அருந்தும் பால்தான் அதிகம் படுத்தும். உணவோடு சேர்த்து அருந்தினால் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்கும். இருக்கிற சிறிதளவு லாக்டேஸுக்கும் வேலை செய்ய அவகாசம் கிடைக்கும். அளவைப் பிரித்து, நாளுக்கு இரு வேளை, மூன்று வேளை எனச் சிறிது சிறிதாகப் பழகினால் பெருங்குடல் பாக்டீரியாக்களும் ஒத்துழைக்கத் தொடங்குகின்றன.

சில நம்பிக்கைகள் இங்கு இடறிவிடுகின்றன. தில்லியின் பால் விற்பனை நிலையங்களில் "ஃபுல் கிரீம்", "டோன்டு", "டபுள் டோன்டு" என மூன்று வகை பாக்கெட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். டபுள் டோன்டு இலகுவானது என்று வயிற்றுத் தொல்லை உள்ளோர் அதனை நாடுகின்றனர். குறைக்கப்பட்டிருப்பது கொழுப்பு, லாக்டோஸ் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. காய்ச்சுவதாலும், மஞ்சளோ இஞ்சியோ சேர்ப்பதாலும் லாக்டோஸ் அழிவதில்லை. ஆட்டுப்பாலிலும் அது உண்டு.

இரு மடங்கு விலைக்கும் விற்கப்படும் "ஏ-2" பால் மற்றொரு கதை. ஏ-1, ஏ-2 என்பன பாலிலுள்ள பீட்டா-கேசின் என்னும் புரதத்தின் வகைகள். லாக்டோஸுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இவ்விளம்பர வாசகங்களை நீக்குமாறு 2024 ஆகஸ்ட் 21 அன்று உத்தரவிட்ட உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஐந்தே நாட்களில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. தயிர்ப் பெயரில் இறங்கிவந்ததற்கு மக்கள் எதிர்ப்பு காரணம். இதில் இறங்கிவந்ததற்குச் சொல்லப்பட்டது, சம்பந்தப்பட்ட தரப்பினருடன் மேலும் ஆலோசனை தேவை என்பது.

அடுக்களை இதற்கெல்லாம் முன்பே விடை கண்டுவிட்டது. உறையூற்றிய பாலில் பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்று புளிப்பாக்குகின்றன. அத்தோடு நில்லாமல், தயிருடன் உயிரோடு குடலுக்குள் சென்று, தம்முடைய நொதியைக் கொண்டு எஞ்சியதையும் உடைக்க உதவுகின்றன. தயிர் கெட்டியாக இருப்பதால் மெதுவாகவும் இறங்குகிறது. கடைந்து நீர் சேர்த்த மோரில் அளவு மேலும் குறைவு. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே கூறலாம். பஞ்சாபின் லஸ்ஸி, ராஜஸ்தானின் சாச், வங்கத்தின் தயிர், தமிழகத்தின் தயிர்சாதம் என நாடு முழுவதும் ஒரே தீர்வு வெவ்வேறு சுவைகளில் நிலைபெற்றிருக்கிறது. கோடை பிறந்தால் தமிழகக் கட்சிகள் திறப்பது நீர்மோர்ப் பந்தல்தான். பால் பந்தல் திறந்த கட்சி எதுவும் இல்லை.

திரித்து நீரை வடித்துவிடுவதால் பனீரில் பாலைவிட லாக்டோஸ் குறைவு. நாள்பட்ட பாலாடைக் கட்டியில் இன்னும் குறைவு. வடநாட்டு இனிப்புகளின் உயிரான கோவா இதற்கு நேரெதிர். பாலைச் சுண்டக் காய்ச்சுவதால் நீர் போய் லாக்டோஸ் செறிந்துவிடுகிறது. 100 கிராம் கோவாவில் 20 கிராமுக்கும் மேல் இருக்கும். ஹோலிக்குப் பரிமாறப்படும் குஜியாவும், மதுராவின் பேடாவும் இவ்வகை. நவராத்திரி விரத நாட்களில் தானியங்களை விலக்கி, பாலும் கோவாவுமாக வயிற்றை நிரப்புவோருக்குத் தொல்லை கூடுவதில் வியப்பில்லை. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் ஏறத்தாழ பாதி லாக்டோஸ்தான். பிஸ்கட், சாக்லெட், உடனடி சூப் என எதிர்பாராத இடங்களிலும் அது ஒளிந்திருக்கும். மாத்திரைகளிலும் லாக்டோஸ் நிரப்பியாகச் சேர்க்கப்படுவதுண்டு. அந்த அளவு மிகச் சிறிது. அதற்கு அஞ்சி மருந்தை நிறுத்துவது அறிவீனம்.

பாலை அறவே விலக்குவது சரியா

செரியவில்லை என்று தெரிந்ததும் பாலையும் தயிரையும் சேர்த்தே துறந்துவிடுவோர் மற்றொரு சிக்கலில் வீழ்கின்றனர். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரிந்துரை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியோருக்கும் இது எலும்பு முறிவோடு தொடர்புடைய பிரச்சினை. தயிரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பாலுக்குக் குறைந்ததன்று. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணத்தக்க சிறு மீன்கள் ஆகியவையும் உண்டு. மருந்துக் கடைகளில் கிடைக்கும் லாக்டேஸ் மாத்திரையைப் பால் உணவின் முதல் கவளத்தோடு எடுத்துக்கொள்வது வெளியூர்ப் பயணம், திருமண விருந்து போன்ற நேரங்களுக்கு உதவும். லாக்டேஸ் சேர்த்து முன்கூட்டியே உடைக்கப்பட்ட "லாக்டோஸ் இல்லா" பாலும் சந்தையில் இருக்கிறது. சாதாரணப் பாலைவிடச் சற்று இனிக்கும், விலையும் கூடுதல்.

உண்மையில் பால்தான் காரணமா என்று அறிய எளிய வழி, இரு வாரம் பாலை நிறுத்திப் பார்த்து மீண்டும் தொடங்குவது. உறுதி செய்ய மூச்சுச் சோதனை உண்டு. இரவு உணவுக்குப் பின் வெறும் வயிற்றோடு வந்து, நீரில் கரைத்த 25 அல்லது 50 கிராம் லாக்டோஸை அருந்திய பின், சில மணி நேரம் இடைவெளி விட்டு விட்டு மூச்சிலுள்ள ஹைட்ரஜன் அளக்கப்படும். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் சில வாரங்கள் தற்காலிகமாகவும் இத்தொல்லை வரும். குடல் தேறியதும் தானே நீங்கும். கோதுமை உண்ணும் வட மாநிலங்களில் காணப்படும் சீலியாக் நோயிலும் குடல் பழுதுற்று, பால் செரியாமை துணைத் தொல்லையாக வருவதுண்டு. ஆகவே எடை குறைதல், மலத்தில் இரத்தம், காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவை இருந்தால் பாலின் மீது பழி போட்டுவிட்டு வாளாவிருக்கலாகாது. மருத்துவரை அணுக வேண்டும்.

விவரச்சீட்டில் என்ன இருக்கிறது

உணவுப் பொட்டலங்களில் பால் சேர்க்கப்பட்டிருந்தால் அதனை ஒவ்வாமைப் பொருளாகத் தனியே குறிப்பிட வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் விவரச்சீட்டு விதிமுறைகள். ஆனால் நெய் சேர்த்த பிஸ்கட்டுக்கும் பால் பவுடர் மிகுந்த சாக்லெட்டுக்கும் ஒரே குறிப்புதான். லாக்டோஸ் எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியாது. அக்குறிப்பும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருந்தால் போதும். பிற மொழி, தயாரிப்பாளர் விரும்பினால். "தஹி"க்கு எழுந்த குரல் இந்தச் சிறு எழுத்துக்கும் எழுந்திருந்தால், முருங்கைக்கீரை எது, பால் பவுடர் எது என்று அறிந்த ஒரு கிராமத்துப் பெண்மணிக்குப் பயன்பட்டிருக்கும்.

சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்களை "பால்" என்று விற்கக் கூடாது என ஆணையம் 2021இல் நடவடிக்கை எடுத்தது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்த வரிச் சீரமைப்பில் இத்தாவரப் பானங்களுக்கான வரி 18 சதவீதத்திலிருந்தும், சோயா பானத்துக்கு 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துக்கு இது ஆறுதல். விருப்பப்படி வாங்கும் வசதியற்ற, கொடுத்ததைக் குடிக்க வேண்டிய பள்ளிக் குழந்தையின் நிலை வேறு.

மத்தியப் பிரதேசத்தில் பழங்குடியினர் மிகுந்த மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை 2015இல் முதல்வர் சிவராஜ் சிங் சௌஹான் நிராகரித்தார். ஆட்சி மாறி, மீண்டும் அவரே முதல்வரான 2020இல், முட்டைக்குப் பதில் பால் என்று அறிவித்தார். அங்கன்வாடி வயதில் பல குழந்தைகளுக்கு லாக்டேஸ் இன்னும் சுரந்துகொண்டிருக்கும். எனவே அங்கு செரியாமையை மட்டும் முன்வைத்துப் பாலை எதிர்ப்பது மிகையாகும். பாலும் முட்டையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பதே அங்குள்ள குறை: முட்டையில் சுண்ணாம்புச் சத்து சொற்பம், பாலில் இரும்புச் சத்து சொற்பம். வயது ஏறி பள்ளிக்கு வரும்போதுதான் பால் சர்க்கரைப் பிரச்சினை தலைதூக்குகிறது.

கர்நாடகம் 2013 ஆகஸ்டில் தொடங்கிய "க்ஷீர பாக்ய" திட்டத்தில் குழந்தைக்கு 18 கிராம் பால் பவுடரைக் கரைத்து 150 மில்லி பால் தரப்படுகிறது. ராஜஸ்தானில் 2022இல் தொடங்கிய பால் கோபால் திட்டமும் பவுடரைக் கொண்டே நடந்தது. 150 மில்லியில் உள்ள லாக்டோஸ் ஏறத்தாழ 7 கிராம். வல்லுநர்கள் சொன்ன 12 கிராமுக்குக் கீழே. ஊட்டச்சத்துக் குறைவுள்ள இடங்களில் செரியாமையைக் காரணம் காட்டிப் பால் திட்டங்களைக் கைவிட வேண்டியதில்லை என்று ஐ.நா. புரத ஆலோசனைக் குழு 1972இலேயே கூறியதும் இந்தக் கணக்கில்தான். ஆயினும் காலை உணவு உண்ணாமல் வரும் குழந்தைக்கு, முதல் மணி அடித்ததும் வெறும் வயிற்றில் தரப்படும் பால் எப்படி இருக்கும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. வயிறு வலிக்கிறது என்று டம்ளரைத் தள்ளும் குழந்தை, பால் பிடிக்காத பிள்ளை எனப் பெயர் வாங்குகிறது.

தயிராகவோ மோராகவோ தரலாமே என்ற கேள்வி எழும். பவுடரை மூட்டையாக அனுப்பலாம், மாதக்கணக்கில் வைக்கலாம். தயிர் மறுநாளே புளித்துவிடும். அதோடு, கூட்டுறவு ஒன்றியங்களில் தேங்கும் உபரிப் பாலுக்கு வழி காண்பதும் இத்திட்டங்களின் நோக்கங்களில் ஒன்று. கர்நாடகத் திட்டம் பிறந்ததே பால் கூட்டமைப்பின் உபரியிலிருந்துதான். விவசாயிக்கு விலை கிடைப்பதும் குழந்தைக்குச் சத்து கிடைப்பதும் ஒன்றுசேரும்போது குறை சொல்ல எவருக்கும் வாய் வருவதில்லை.

தமிழகச் சத்துணவில் முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் உள்ளது. கர்நாடகத்திலும் முட்டைக்கு மாற்றாக வாழைப்பழம் உண்டு. குடும்பத்தின் வழக்கத்துக்கு மதிப்பளிக்கும் இந்த ஏற்பாடு, வயிற்றின் இயல்புக்கும் பொருந்தாதா என்ன? கர்நாடகத்தில் 2024 பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்று நாட்கள் பள்ளிப் பாலில் கேழ்வரகு சத்துமாவு கலந்து தரப்படுகிறது. செரியாமையை நினைத்து எடுக்கப்பட்ட முடிவன்று அது. இருந்தும், வெறும் பாலைவிட மெதுவாக இறங்கும் அந்தக் கூழில் கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்திருக்கிறது.